ஈரம் வற்றிய மூலை

தம்பி,

நேற்று சாயந்திரம் நீ போனில் பேசியதற்கெல்லாம் நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் நான் சரி சொல்லவில்லை. வாயில் வேறு வார்த்தை வராததால் சொன்னேன். மூலையில் விழுந்த குழியைக் கல்லும் சிமெண்டும் கொட்டி மூடியாகிவிட்டது, மேலே டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, ஆவணியில் கல்யாணம் முடிந்த கையோடு நீயும் கீர்த்தனாவும் நேரே அந்த வீட்டுக்குத்தான் போகப் போகிறீர்கள் என்றாய். "பின்னாடி வேலியோரமா கொஞ்சம் மண்ணு விட்டு வச்சிருக்கேன்மா. இன்னமும் சொதசொதன்னுதான் இருக்கு. ஈரத்துல நல்லா வர்ற செடியா பாத்து வாங்கி வைங்க, ஒங்களுக்குத்தானே தெரியும்" என்று சிரித்தாய். எனக்குப் போனைப் பிடித்திருந்த கை வேர்த்துப் போயிற்று. உன்னிடம் பயத்தைப் பேச்சில் சொல்ல எனக்கு வருவதில்லை. நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீயே சொல்லி, அதற்குச் சமாதானமும் சொல்லி முடித்துவிடுகிறாய். கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் இந்த மாடி பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா பசியாறிவிட்டுக் கீழே புந்தோங் கடைப்பக்கம் போயிருக்கிறார். பொறுமையாகப் படி. நீ கேட்ட செடிகளையும் சொல்கிறேன், நீ கேட்காததையும் சொல்கிறேன்.

செடியிலிருந்தே தொடங்குகிறேன். நீ ஜொகூரில் வேலை பார்த்துக்கொண்டு, எங்களுக்காக ஈப்போவில் சிலிபினைத் தாண்டி அந்தப் புதுத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கிச் சாவியைக் கையில் கொடுத்தபோது, நான் முதலில் ஓடிப் பார்த்தது அடுப்படியை அல்ல, பின்பக்கத்து மூலையைத்தான். கடைசி வீடு என்பதால் பக்கத்திலும் பின்னாலும் கொஞ்சம் நிலம் அதிகம். பிறந்தது எஸ்டேட் லயத்தில், வாழ்க்கைப்பட்டது புந்தோங்கில் வாடகை வீட்டில். சொந்த மண் என்று ஒரு கை அகலம்கூட எனக்கு இருந்ததில்லை. வந்த வாரமே மல்லிகை வைத்தேன், கறிவேப்பிலை வைத்தேன், முருங்கைப் போத்து ஒன்று நட்டேன். மூன்றுமே இலை மஞ்சளாகிச் செத்துப்போயின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். மல்லிகையைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து, கூழாகி, அழுகின முட்டை நாற்றம். அந்த மூலையில் தண்ணீர் வடியவே இல்லை. அப்பா தன்னோடு முன்பு லோரி ஓட்டிய சிநேகிதர் ஒருவரிடம் சொல்லி மணல் கொண்டுவந்து கொட்டினார். சில மாதங்களில் அந்த மணலும் இருந்த இடம் தெரியாமல் இறங்கிப்போயிற்று. எங்கே போயிற்று என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மழையில் கரைந்திருக்கும் என்றுதான் பேசிக்கொண்டோம்.

அதற்குப் பிறகு நான் மண்ணோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். சாயந்திரம் நடக்கப் போகும்போது லோங்காங் சாக்கடை ஓரத்தில், யாரும் நடாமல், யாரும் உரம் போடாமல் எது கொழுத்து நிற்கிறது என்று பார்த்தேன். சேம்பு நின்றது. கல்வாழை நின்றது. சேம்பின் தண்டை ஒடித்துப் பார், உள்ளே பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். அந்த வழியாகத்தான் அது வேருக்குக் காற்றைக் கொண்டுபோகிறது, தண்ணீரில் நின்றாலும் மூச்சு முட்டுவதில்லை. ஈர மண்ணுக்குச் செடி வாங்குகிறவர்கள் பூவைப் பார்த்து வாங்கக் கூடாது. கடைக்காரர் அந்தச் செடியை எங்கே வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் உட்கார்ந்துகொண்டே தளதளவென்று இருந்தால் எடுத்துவரலாம். மிகப் பள்ளமான இடத்தில் சேம்பும் கங்கோங் கீரையும் வைத்தேன், அதற்கு அடுத்து வசம்பு. கொஞ்சம் மேடான இடத்தில் கல்வாழையும் பாண்டானும். ஓரமெல்லாம் வல்லாரையைப் படரவிட்டேன். பாண்டான் கன்று கொடுத்தது பக்கத்து வீட்டு மரியம். அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார், நெய்ச்சோற்று வாசனைக்கு நிறைய பாண்டான் இலை வேண்டும், அதனால் அவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு புதர் இருக்கும். கறிவேப்பிலை இல்லாமல் முடியாது என்பதால் பழைய லோரி டயரை அடுக்கி, அதற்குள் மண் கொட்டி மேட்டில் வைத்தேன், பிழைத்துக்கொண்டது. வருஷம் திரும்புவதற்குள் அந்த மூலை காடாகிவிட்டது. சேம்பிலை ஒவ்வொன்றும் முறம் அளவு. காலையில் அப்பா நாற்காலியைக் கொண்டுபோய் அங்கேதான் போட்டுக்கொள்வார். தேத்தண்ணி, பேப்பர், கல்வாழைப் பூ. அவர் வாழ்க்கையில் அப்படி நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

இதுவரை உனக்குத் தெரிந்ததுதான். தெரியாதது ஒன்று உண்டு, அதை உனக்கு நான் சொன்னதே இல்லை. நான் பிறந்த எஸ்டேட்டின் ஒரு பக்கம் முழுவதும் பழைய ஈய லம்பம். ஈயம் எடுத்து முடித்துவிட்டுப் போன இடம், வெள்ளை மணலும் குட்டைகளுமாகக் கிடக்கும். அங்கே புல் நன்றாக வளரும் என்பதால் என் அப்பா எங்கள் கறவை மாட்டைக் கொண்டுபோய் அங்கே கட்டுவார். பால்மரம் வெட்டி முடித்து, ரப்பர்ப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, பகலில்தான் போய் அவிழ்த்து வருவார். ஒரு நாள் நானும் கூடப் போனேன். எட்டத்தில் மாடு மேய்வது தெரிந்தது. என் அப்பா என்னிடம் ஏதோ சொல்லத் திரும்பினார். அவர் மறுபடி அந்தப் பக்கம் பார்த்தபோது மாடு இல்லை. சத்தமும் இல்லை. கிட்டே ஓடினோம். கிணறு மாதிரி வட்டமாக ஒரு குழி. கயிறு கட்டியிருந்த முளை விளிம்பில் சாய்ந்து நின்றது. கயிறு உள்ளே இழுத்துக் கட்டினது மாதிரி விறைத்திருந்தது. என் அப்பா என் முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். நான் அழுதேன், மாட்டுக்காக அல்ல, முடி வலித்ததற்காக. அப்புறம் கயிறு தொய்ந்தது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு என்ன நடந்தது என்று விளங்கியது. அன்றிலிருந்து பல வருஷங்கள் நான் புல்தரையில் நடந்தால் முதலில் ஒரு காலை வைத்து, அழுத்திப் பார்த்துத்தான் அடுத்த காலை எடுப்பேன். நீ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடினபோது, மற்ற தாய்மார்கள் எல்லாம் திடலுக்குள் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கினார்கள், நான் மட்டும் சிமெண்டுப் படியிலேயே நின்றேன் என்று நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அதற்கு இதுதான் காரணம். உனக்கு இந்தப் பயத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் சொல்லவில்லை. உன்னைப் பயமில்லாத பிள்ளையாக வளர்த்துவிட்டேன். இப்போது அதுவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இனி போன மழைக்காலத்துக்கு வருகிறேன். தாமானுக்குப் பின்னால் புதிதாக ஏதோ கட்டப் போகிறார்கள் என்று பெரிய பள்ளம் தோண்டி, இராப்பகலாகத் தண்ணீரை இறைத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தார்கள், நினைவிருக்கும். அந்த மோட்டார்ச் சத்தத்தால் தூக்கம் வரவில்லை என்று உன்னிடம் அப்பா குறைப்பட்டுக்கொண்டார். அந்தச் சமயத்தில் சாயந்திரம் தவறாமல் மழை. அப்படி மழை பெய்கிற வாரத்தில், ஒரு காலை நான் பின்பக்கம் போனால் சேம்பிலை எல்லாம் குடையை மடக்கினது மாதிரி தொங்கிக்கொண்டிருக்கின்றன. வசம்பு நுனி கருகியிருக்கிறது. வல்லாரை காகிதம் மாதிரி காய்ந்து கிடக்கிறது. டயர் மேட்டிலிருந்த கறிவேப்பிலை மட்டும் நன்றாக இருந்தது. அதை எப்படிச் சொல்வது உனக்கு. ஈரத்தில் செத்துப்போகிற செடி உயிரோடு நிற்கிறது, ஈரத்திலேயே வாழ்கிற செடிகள் தாகத்தில் சாகின்றன, ஊரெல்லாம் மழை. நான் குனிந்து மண்ணைத் தொட்டேன். மேல்மண் ஈரமாக இருந்தது. விரலை உள்ளே விட்டால் பொலபொலவென்று உதிர்ந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பேப்பரை மடித்துவிட்டு வந்து பார்த்தார்.

"வேர்ப்புழு அடிச்சிருக்கும்லா. மருந்து வாங்கிப் போடு."

"புழு அடிச்சா எல்லாச் செடியும் ஒரே நாள்ல விழுமாங்க?"

"அப்ப தண்ணி ஊத்து."

ஒரு வாளி தண்ணீர் கொண்டுவந்து சேம்பின் அடியில் ஊற்றினேன். எப்போதும் ஒரு குவளை ஊற்றினாலே தேங்கி நின்று, முகம் தெரியும் அந்த இடத்தில். அன்று ஒரு வாளியும் அப்படியே உள்ளே போயிற்று. நுரைகூட நிற்கவில்லை. மண்ணுக்குள்ளிருந்து யாரோ குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாளியை அங்கேயே போட்டுவிட்டுச் சிமெண்டுத் தரைக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால், சிமெண்டுத் தரையின் ஓரத்தில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு, தட்டின் விளிம்பு போல வளைந்து போகிறது. பின்பக்கத்து இரும்புக் கதவு ஒரு வாரமாகத் தரையில் உரசிக்கொண்டிருந்தது, கீல் துருப்பிடித்துவிட்டது என்று நினைத்திருந்தோம்.

உனக்குப் போன் செய்தேன். நீ வேலையில் இருந்தாய். "மழைன்னா மண்ணு எறங்கும்மா. சனிக்கிழமை வாரேன், பாத்துக்கலாம். நீங்க பயப்படாதீங்க" என்றாய். உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து நீ வேறு என்ன சொல்ல முடியும். மரியத்திடம் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துணிக்கொடியை முன்பக்கத்துக்கு மாற்றிவிடு, பிள்ளைகளை இந்தப் பக்கம் விடாதே என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "என்னக்கா, பாம்பா?" என்றாள். பாம்பு என்றால் சொல்லிவிடலாம். நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் துணிகளை உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். கேள்வி கேட்காமல் என் பயத்தை எடுத்துக்கொண்டவள் அவள் ஒருத்திதான்.

அப்பாவிடம்தான் முடியவில்லை. மறுநாள் காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வழக்கம்போல மூலைக்குக் கிளம்பினார். நான் நாற்காலியைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம், போகாதீர்கள் என்றேன். அவரும் விடாமல் பிடித்து இழுத்தார். இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படி ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கார்ச் சாவியைத் தேடி எடுத்து என்னைக் காரில் ஏற்றினார். கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். திரும்பி வரும்போது காரில், நெஞ்சு வலி பொய், குழி விழும் என்ற பயம்தான் என்று அவரிடம் உண்மையைச் சொன்னேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, கதவை ஓங்கி அடைத்துவிட்டு, நேரே பின்பக்கம் போனார்.

இதற்கு மேல் நடந்ததை உனக்கு நாங்கள் மாற்றிச் சொன்னோம். நாங்கள் கிளினிக்கில் இருந்தபோதே குழி விழுந்துவிட்டது, திரும்பி வந்து பார்த்தோம் என்று சொன்னோம். அப்பாதான் அப்படிச் சொல்லச் சொன்னார். நடந்தது அதுவல்ல.

அவர் போய் அந்த மூலையின் நடுவில், செத்த சேம்புகளுக்கு மத்தியில் நின்றார். நான் சிமெண்டுத் தரையின் விளிம்பில் நின்றேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு காலைத் தூக்கி மண்ணை மிதித்தார். பிறகு இன்னொரு காலை. லோரிச் சக்கரத்தை உதைத்துப் பார்ப்பாரே, அப்படி ஓங்கி ஓங்கி மிதித்தார். "பாரு. நிக்கிறேன். எங்க குழி, காட்டு. மனுசனைப் பயமுறுத்தி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதுக்கு இதான் காரணமா?" என்றார். நான் கத்தக்கூட இல்லை. கத்தினால் அந்த அதிர்விலேயே மண் விழுந்துவிடும் என்று தோன்றியது. கையை நீட்டினேன், அவ்வளவுதான். என் தொண்டையிலிருந்து, மாட்டைக் கூப்பிடுவதற்கு என் அப்பா எழுப்புகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, அது நான்தான் என்று எனக்கே தெரியவில்லை. அவர் சிரித்தார். சிரித்துவிட்டு நிதானமாக நடந்து வந்து, என்னைத் தாண்டி உள்ளே போய், கையைக் கழுவினார். "தேத்தண்ணி போடு" என்றார்.

போட்டுக் கொடுத்தேன். அது ஆறுவதற்குள் சத்தம் கேட்டது. லோரியிலிருந்து மணல் கொட்டுகிற சத்தம்தான் அது. எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாகத் தெரிந்த சத்தம். அடுப்படி ஜன்னலில் பார்த்தால் கல்வாழை இல்லை, சேம்பு இல்லை, டயர்கள் இல்லை. வேலிக் கம்பி அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது. சிமெண்டுத் தரையில் நான் நின்றிருந்த விளிம்பும் போய்விட்டது. ஒரு வேன் உள்ளே இறங்கும் அளவுக்குக் குழி, அடியில் சேற்றுத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அப்பாவின் கையிலிருந்த குவளை சாய்ந்து தேத்தண்ணி அவர் இடுப்புச் சாரத்தில் வழிந்தது. சூடு தெரியவில்லை அவருக்கு. நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, ஒன்றையும் எடுக்காமல், செருப்புக்கூடப் போடாமல் முன்வாசல் வழியாகத் தெருவுக்கு ஓடினேன். மரியம் தன் பிள்ளைகளோடு ஏற்கெனவே தெருவில் நின்றாள். எல்லாரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்பா தெருத் தாரில் காலை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

அன்றிலிருந்து அவர் எப்படி ஆகிவிட்டார் என்று நீ கேட்டாய் அல்லவா. முட்டி வலி, வயசு என்று சொன்னேன். அதெல்லாம் இல்லை. கோயில் முற்றத்தில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார். இந்த மாடி பிளாட் வேண்டும் என்று கேட்டது அவர்தான்.

குழியைப் பார்க்க வந்த எஞ்சினியர் சொன்னதில் பாதியை நீயும் கேட்டாய். ஈப்போவைச் சுற்றி நிற்கிற மலைகளில் குகை இருப்பது மாதிரி, நம் காலுக்கு அடியில் இருக்கிற சுண்ணாம்புப் பாறையிலும் குகைகள் இருக்கின்றன, அதற்கு மேல் பழைய லம்பத்து மண்தான் மூடிக் கிடக்கிறது, மண்ணைத் தாங்கி நிற்கிற தண்ணீர் இறங்கினால் மண்ணும் கூடவே இறங்கும் என்றார். வீட்டுக்கு அடியிலும் துளைபோட்டுப் பார்க்காமல் யாரும் குடியிருக்க வேண்டாம் என்றார். பாதிப் பேச்சில் உனக்குப் போன் வந்தது, நீ வெளியே போனாய். பிறகு கட்டட வேலைக் குத்தகைக்காரன் வந்தான், குழியை மூடினான், நன்றாகத்தான் மூடினான். ஆனால் அவன் மூடியது நாம் பார்த்த குழியை. நாம் பார்க்காத இடத்தில் என்ன இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்க்கவில்லை, தம்பி. இதை நீ பிடிவாதத்தில் செய்கிறாய் என்று நான் நினைக்கவில்லை. வாங்கின வீட்டை வீடு இல்லை என்று ஒத்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

என் பயம் மட்டும் என்றால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன். எனக்குப் பயப்பட்டுப் பழக்கம். போன வாரம் கீர்த்தனா இங்கே வந்தாள். புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். தேத்தண்ணி குடித்துவிட்டு, "அத்தை, அந்த வீட்டை ஒருவாட்டி பாத்துட்டு வருவமா?" என்றாள். எனக்குக் கால் வரவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணைத் தனியாக அனுப்ப மனம் இல்லை, கூடப் போனேன். புது டைல்ஸ் பளபளவென்று இருக்கிறது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கதானே அத்தை?"

"ஆமா."

"நாளைக்கிப் பிள்ளை பொறந்தா இங்கதானே வெளையாடும்?"

அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "அவர்கிட்ட சொல்லிட்டேன் அத்தை. ரெண்டுவாட்டி சொன்னேன். நீயும் எங்கம்மா மாதிரியே பேசறியேன்னு சிரிக்கிறாரு. மூணாவதுவாட்டி சொன்னா வீட்டைக் கொறை சொல்றேன்னு நெனைப்பாரு. நான் வீட்டைக் கொறை சொல்லல அத்தை. வாடகை வீட்டுலகூட இருந்துக்குவேன்" என்றாள். உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "சொல்லுங்க அத்தை. நான் சொல்றப்ப அழுகை வருது, அதனால அவருக்கு வெளங்கல" என்றாள்.

அதனால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்குப் போன் செய். என்ன பயம் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை சிரிக்காதே, சமாதானம் சொல்லாதே. அவள் அழுதால் அழுது முடிக்கும்வரை காத்திரு. பிறகு அந்த எஞ்சினியரைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு அடியில் துளைபோட்டுப் பார்க்கச் சொல். இருக்கலாம் என்று அவர் சொன்னால், நானே உன் கூட வந்து சேம்பும் கல்வாழையும் பாண்டானும் வைத்துத் தருகிறேன். வைத்த பிறகு தினமும் காலையில் எழுந்ததும் அவற்றைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் என்றைக்காவது அவை தொங்கினால், புழுவா, வெயிலா என்று யோசித்துக்கொண்டு நிற்காமல் இரண்டு பேரும் தெருவுக்கு வந்துவிட வேண்டும். இருக்கக் கூடாது என்று அவர் சொன்னால், பூட்டிவிட்டு வந்துவிடு. புந்தோங்கில் இரண்டு அறை வாடகை வீட்டில்தான் உன்னை வளர்த்தோம். உங்களுக்கும் ஒரு வாடகை வீடு கிடைக்கும்.

இவ்வளவும் எழுதி முடித்தபோது அப்பா மேலே வந்தார். மாற்றிச் சொன்னதை நான் எழுதிவிட்டேன் என்பதை அவரிடம் மறைக்க முடியவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படித்தார். கோபிப்பார் என்று காத்திருந்தேன். தாளை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் சிரிச்சேன்னு எழுதியிருக்க."

"சிரிச்சீங்கல்ல."

"சிரிச்சேன். ஏன் சிரிச்சேன்னு ஒனக்குத் தெரியாது. மொத மிதியிலயே தெரிஞ்சிபோச்சு. காலுக்குக் கீழ காலி தண்ணித் தோம்பு மாதிரி சத்தம் கேட்டுச்சு. தெரிஞ்சுதான் ரெண்டாவதுவாட்டி மிதிச்சேன். அப்ப எறங்கி வந்தா ஒன்கிட்ட தோத்த மாதிரி ஆயிடும்னு நின்னேன்."

இத்தனை மாதமாக, தெரியாமல் செய்தார், கடவுள் காப்பாற்றினார் என்று நினைத்து நினைத்து மனதைத் தேற்றி வைத்திருந்தேன்.

"அவன் என் பிள்ளை" என்றார் அப்பா. "அவனுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். இதையும் சேத்து எழுதிடு."

எழுதிவிட்டேன்.

அம்மா